மூன்று உதறல்

விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் மனிதர்கள் வியர்த்துக் கொட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று மூன்றாம் மாடியில் பிரசவ வார்டு. மற்றது நிலவறையில் சலவைக்கூடம். மேலே பிள்ளைகள் பிறப்பார்கள். பிறந்த அழுக்கு கீழே வந்து சேரும்.

நான்கு மணிக்கே வார்டு வார்டாகப் போய்த் தள்ளுவண்டிகளில் மூட்டைகளை அள்ளி வந்திருந்தார்கள். ரத்தமும் சீழும் மருந்தும் கலந்த வாடை கூடம் முழுக்கக் கனத்துக் கிடந்தது. கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு நின்ற ஆறு சலவை டிரம்களும் வாயைத் திறந்துகொண்டு அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தன. சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அது எரியும். எரிவதற்குள் ஒரு மூட்டை பிரிந்து டிரம்முக்குள் போயிருக்க வேண்டும்.

மூட்டை பிரிக்கிறவனுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது. இவனைச் செய்தபோது மூடுகிற குமிழை வைக்க மறந்துவிட்டார்கள் என்பது அவனுடைய அண்ணியின் கருத்து. அண்ணிதான் பக்கத்து டிரம்மில் துணி திணிக்கிறவள். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வழியிலேயே இருப்பான். வீட்டில் சோறும் திட்டும் அண்ணி கையால்தான்.

அன்று காலை ரேடியோ நல்ல உற்சாகத்தில் இருந்தான். ஆபரேஷன் அறையிலிருந்து வந்த பச்சை விரிப்பு ஒன்றை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, கம்பெனி மேனேஜர் நடக்கிற நடையை நடந்து காட்டினான். வயிறு முன்னால் போக, ஆள் பின்னால் வருகிற நடை. கூடத்தில் இருந்த இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்தால் அவனுக்குக் கண் தெரியாது. விரிப்பைப் பந்தாகச் சுருட்டி, "பிடிங்க அண்ணி" என்று எறிந்தான்.

அண்ணி பிடித்தாள்.

அவள் கத்தவில்லை. பல்லுக்கிடையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். கையை விரித்தாள். தேய்ந்து மெலிந்த ரப்பர் கையுறையைத் துளைத்து, உள்ளங்கையின் நடுவில் ஓர் ஊசி நட்டுக்கொண்டு நின்றது. அதன் அடிப்பக்கக் குழலில் கால் விரற்கடை அளவுக்கு ரத்தம் உறைந்திருந்தது. அது அவளுடைய ரத்தம் இல்லை.

தூரத்தில் உலர்த்தியின் பக்கம் நின்றவர்களுக்கு விஷயம் தெரியவில்லை. அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு முடிகிறவரை ரேடியோ நின்ற இடத்திலேயே நின்றான்.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்பது சரி. எந்த விரிப்பையும் மூன்று முறை உதறாமல் டிரம்முக்கு அனுப்பக் கூடாது. முதல் உதறலில் கத்தரிக்கோல், கிண்ணம் மாதிரி கனமானவை விழும். இரண்டாவதில் ஊசி, பிளேடு. மூன்றாவது உதறல் கண்ணுக்குத் தப்பியதற்கு. அதற்கென்றே கம்பி வலை போட்ட ஒரு மேடை இருந்தது. விழுந்ததெல்லாம் வலைக்குக் கீழே பெட்டியில் போய்ச் சேரும். ஆஸ்பத்திரியே சலவையை நடத்திய காலம் அது. ஊழியர்களுக்கு நீல அட்டை இருந்தது. அட்டையை நீட்டினால் மேலே மருத்துவம் கிடைக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் சலவை ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. நீல அட்டைகளை வாங்கிக்கொண்டு மஞ்சள் அட்டைகளைக் கொடுத்தார்கள். மஞ்சள் அட்டையால் வாசல் கதவைத் திறக்கலாம். வேறு எதையும் திறக்க முடியாது. இன்னொரு உலர்த்தியை வைக்க இடம் போதவில்லை என்று உதறு மேடையைக் கழற்றி வெளியே போட்டார்கள். பிறகு சிவப்பு விளக்கு வந்தது. ஒரு மூட்டையை ஒழுங்காக உதறி முடிக்க ஏழு நிமிடம் ஆகும். விளக்குக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மேலே கட்டுப்போடும் அறையில் இருந்த நர்ஸ் நல்லவள். குழாயைத் திறந்துவிட்டு, கையைப் பிதுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். எந்த நோயாளியின் ஊசி என்று கேட்டாள். ஆபரேஷன் அறை என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. ரத்தத்தில் ஏறுகிற நோய்கள் இருக்கின்றன, தடுக்க மாத்திரை இருக்கிறது, ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, மூன்று நாள் தாண்டினால் பிரயோஜனமில்லை என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனவள், அண்ணியின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்க கம்பெனி ஆளா?"

ஊசி குத்தும்போது அட்டை கேட்கவில்லையே என்று ரேடியோ சொன்னான். நர்ஸ் சிரிக்கவில்லை. அவனுக்கும் அது சிரிப்பாகப் படவில்லை. மாத்திரை வெளிக்கடையில் கிடைக்காது, இங்கே மருந்தகத்தில்தான் இருக்கிறது, ஏழாம் எண் கவுண்டரில் எழுதி வாங்கி வந்தால் உடனே கொடுத்துவிடுவேன் என்றாள்.

ஏழாம் கவுண்டருக்கு மேலே பெரிய பலகை ஒன்று இருந்தது. உங்கள் உடல்நலம் உங்கள் பொறுப்பு. கீழே ஒருவர் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி ஓடுகிற படம். கவுண்டருக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா ஓடுகிறவர் இல்லை, சிரிக்கிறவரும் இல்லை. ஊழியர் என்றால் நீல அட்டை வேண்டும் என்றார். ஊழியராக வேண்டாம், பொதுமக்களில் ஒருத்தியாக வந்திருக்கிறோம், பொதுமக்களுக்கு இங்கே வைத்தியம் இலவசம்தானே என்று ரேடியோ கேட்டான்.

"இலவசம்தான். நோய் வந்த பிறகு வாங்க. இவங்களுக்கு இன்னும் வரலையே."

"வராம இருக்கத்தான் சார் கேக்கறோம்."

"அது ஊழியர்களுக்கு மட்டும். இல்லன்னா உங்க கம்பெனி கடிதம் குடுக்கணும். வேலையில நடந்ததுன்னு, காரணத்தோட."

இருபது வருஷம் நடந்து பழகிய ஆஸ்பத்திரியில் அன்று அண்ணிக்கு வழி தெரியாமல் போனதுபோல் இருந்தது. படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ நாலைந்து தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். அவள் பதில் சொல்லவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கம்பெனி முதலாளி ஒன்பது மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி. சலவைக்கூடத்துக்குள் எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடந்தார். அண்ணியைப் பார்க்குமுன் டிரம்கள் ஓடுகின்றனவா என்று பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இதோ பாரும்மா, எனக்கு அம்பத்தெட்டு வயசு," என்றார். "தினம் எட்டு கிலோமீட்டர் நடக்கிறேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு மாத்திரை தொட்டதில்ல. அவங்கவங்க உடம்பை அவங்கவங்கதான் பாத்துக்கணும். எதுக்கெடுத்தாலும் கம்பெனி, கவர்மென்ட்டுன்னு கை நீட்டினா எப்படி?"

"நீங்க நடக்கிற பாதையில ஊசி கொட்டிக் கிடக்கா சார்?"

கேட்டது கண்ணாடி. மடிப்பு மேசையில் நிற்கிறவள். தடித்த மூக்குக் கண்ணாடி போட்டிருப்பாள். சுவரில் எந்த அறிவிப்பு ஒட்டினாலும் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் நகர்வாள். அந்தப் பழக்கத்துக்காகவே மேனேஜருக்கு அவளைப் பிடிக்காது.

முதலாளி அவள் பக்கம் திரும்பவில்லை. "ஊசி யாரோடது? ஆஸ்பத்திரியோடது. ஆஸ்பத்திரி யாரோடது? கவர்மென்ட்டோடது. நியாயமாப் பாத்தா அங்கதான் போகணும்."

போனோம், அங்கே உங்கள் கடிதம் கேட்கிறார்கள் என்று கொதிகலனைக் கவனிக்கும் பாய்லர் அண்ணன் சொன்னார். பேச்சுக் குறைந்தவர். கொதிகலனே இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசிவிடும்.

"குடுத்துட்டாப் போச்சு," என்றார் முதலாளி. பேனாவை எடுத்துத் திருகினார். "ஆனா காரணம் எழுதணும் இல்லையா? மூணு தடவை உதறணும்னு விதி இருக்கு. விதிய நான் மாத்தலையே. உதறாம எறிஞ்சது யாரு? அந்தப் பேரு வேணும் எனக்கு."

ரேடியோ பதினோரு வருஷமாக அங்கே பேசியிருக்கிறான். சிரிக்க வைக்கிற நோக்கமில்லாமல் அவன் வாயைத் திறந்தது அன்றுதான்.

"நான்தான் சார்."

உள்ளுக்குள் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பழியை ஏற்றுக்கொண்டோம், அண்ணிக்கு மாத்திரை வந்துவிடும், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தான். முதலாளிக்கும் அதே அளவு மகிழ்ச்சி. நேர்மையான ஆள் என்று பாராட்டிவிட்டு மேசைமேல் குனிந்து எழுத ஆரம்பித்தார். அவர் தோளுக்கு மேலாகக் கண்ணாடி எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்ப்பது தப்பு என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தொழிலாளியின் கவனக்குறைவால்," என்று உரக்கப் படித்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். "ஏழாம் கவுண்டர்ல கண்ணாடிக்குப் பின்னால ஒரு தாள் ஒட்டியிருக்கு. படிச்சியா? 'கவனக்குறைவால் நேர்ந்தவை நீங்கலாக'ன்னு கடைசி வரி. இந்தக் காகிதத்தைக் கொண்டுபோனா ஒரு மாத்திரை கிடைக்காது. உன்னையும் அண்ணியையும் வெளிய அனுப்பத்தான் உதவும். உனக்குப் பேசத் தெரியுமே தவிர, யார்கிட்ட பேசறோம்னு தெரியாது."

ரேடியோவின் முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி ஆயிற்று. தியாகி ஆகப் போனவன், முதலாளியின் பேனாவுக்கு மை ஊற்றிவிட்டு நின்றான்.

கண்ணாடி மேசைமேல் கையை ஊன்றினாள். "எழுதறதுன்னா முழுசா எழுதுங்க சார். என் பேரையும் போடுங்க. நான் மூட்டை பிரிச்ச ஒன்றரை வருஷத்துல எதையும் மூணு தடவை உதறினதில்ல. உங்க விளக்கு விடல."

"என் பேரையும்," என்றான் இன்னொரு டிரம்மில் நின்ற நெட்டையன்.

அதன் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். இஸ்திரி போடுகிற பெண்கள் மூன்று பேர், முன்பு மூட்டை பிரித்தவர்கள். உலர்த்தியில் நிற்கிறவர்கள். தள்ளுவண்டிக்காரர்கள். முதலாளியின் பேனா காற்றில் நின்றது. கடைசியில் பாய்லர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீ பாய்லர் ஆளுய்யா. நீ எங்க போய் உதறின?"

"உதறு மேடையத் தூக்கி வெளிய போட்டப்ப ஒரு பக்கம் நான் பிடிச்சேன் சார். நீங்கதான் பிடிக்கச் சொன்னீங்க. அதையும் எழுதுங்க."

முதலாளி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். யாருக்கும் கடிதம் கிடையாது, வேலையைப் பாருங்கள், பார்க்க முடியாதவர்கள் அட்டையை வைத்துவிட்டுப் போகலாம், வெளியே ஆள் காத்திருக்கிறது என்றார். வந்த வழியே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனார்.

அண்ணி ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் எப்போதோ போயிருந்தது.

டிரம்களை நிறுத்திவிடலாம், ஒரு விரிப்பு மேலே போகக் கூடாது, அப்போது தெரியும் இவர்களுக்கு என்று ரேடியோ கொதித்தான். பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். கண்ணாடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேல படுத்திருக்கறது யாரு? முதலாளியோட மாமியாரா? நம்மள மாதிரி ஆளுங்க. பச்சைப் பிள்ளைய வெறும் தகரக் கட்டில்ல போடுவியா?"

துவைத்ததையெல்லாம் மேலே அனுப்புவது என்று முடிவானது. ஒரு வார்டுக்கும் குறை வைக்கக் கூடாது. அழுக்கைத்தான் கீழே கொண்டுவர வேண்டாம். வார்டிலிருந்து எடுத்து இறுகக் கட்டி, ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அறைக்கு முன்னால் நீளமான தாழ்வாரம் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் அடுக்குவது. ஊசி எங்கே இருக்கிறது என்று அவர்களே உதறிப் பார்த்துக்கொள்ளட்டும். யோசனை யாருடையது என்று பிற்பாடு ஐந்தாறு பேர் உரிமை கொண்டாடினார்கள். உண்மையில் அதைச் சொன்னது பாய்லர் அண்ணன். எட்டே வார்த்தைகளில் சொன்னார்.

பதினோரு மணிக்கு முதல் தள்ளுவண்டி தாழ்வாரத்துக்குள் திரும்பியது. வார்டு பெருக்குகிறவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். கேட்டதும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்கள். அவர்கள் கழுத்திலும் மஞ்சள் அட்டைதான், கம்பெனி மட்டும் வேறு. பன்னிரண்டு மணிக்குள் சுவரோடு சுவராக மார்பளவுக்கு மூட்டைகள் ஏறிவிட்டன. வெயில் ஜன்னல் வழியாக வந்து அவற்றின்மேல் விழுந்தது. வெயிலோடு வாடையும் எழுந்தது. அழகுக்கு வைத்திருந்த செடித் தொட்டிகள் பின்னால் எங்கோ மறைந்தன. இருபத்திரண்டு பேரும் எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள்.

இரண்டு காவலாளிகள் ஓடி வந்தார்கள். மூட்டைகளைப் பார்த்தார்கள். அண்ணியின் கையைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் சட்டையில் தொங்கிய மஞ்சள் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு, தூண் ஓரமாக நின்றுவிட்டார்கள்.

பெரிய டாக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"இது ஆஸ்பத்திரி. இதையெல்லாம் இங்க போட்டா தொத்து பரவாதா?"

"பரவுமா சார்?" என்றான் ரேடியோ. "காலையில இருந்து அதைத்தான் சார் சொல்லிக்கிட்டிருக்கோம். யாரும் நம்பல."

அங்கங்கே சிரிப்பு எழுந்தது. அண்ணி சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து விரிப்போடு ஊசி போக வாய்ப்பே இல்லை, ஊசியைத் தனிப் பெட்டியில் போட வேண்டும் என்று தெளிவான விதி இருக்கிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். கண்ணாடி எழுந்து நின்று, குத்தியது விதி இல்லை, ஊசி என்றாள். காலையில் எடுத்து மூடிபோட்ட டப்பாவில் வைத்திருந்த ஊசியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு மட்டும் மனசு இல்லையா? இந்தக் கட்டடத்துல கம்பெனி ஆளுங்க மட்டும் நானூறு பேர் இருக்கீங்க. இன்னிக்கு ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வருவீங்க."

"வருவோம் சார்," என்றார் பாய்லர் அண்ணன்.

"கவர்மென்ட் எத்தனை பேரோட உடம்புக்குத்தான்யா பொறுப்பு ஏத்துக்கும்?"

"எத்தனை பேரை வச்சு ரத்தத்தைக் கழுவறீங்களோ, அத்தனை பேருக்கு," என்றாள் கண்ணாடி.

தாழ்வாரத்தின் கோடியில், கையில் வரிசைச் சீட்டோடு விடியற்காலையிலிருந்து நின்றிருந்த நோயாளிக் கூட்டம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. இடுப்பில் கை ஊன்றியிருந்த ஒரு பெரியம்மா முன்னால் வந்தாள்.

"அப்ப நாங்க? நாங்க எதையும் கழுவலையே. எங்களுக்குக் கிடையாதா?"

தான் சொன்னதில் ஓர் ஓட்டை இருப்பது கண்ணாடிக்கே அப்போதுதான் தெரிந்தது.

"உங்களுக்கும்தாம்மா," என்றாள். "நான் சரியாச் சொல்லல. எல்லாருக்கும்தான். வந்து உக்காருங்க."

பெரியம்மா உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசைச் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. பெரிய டாக்டர் தாழ்வாரத்தை நீளவாக்கில் ஒருமுறை பார்த்தார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. கதவுக்குப் பின்னால் தொலைபேசியில் அவர் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார் என்பது கேட்கவில்லை. முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேனேஜர் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். காலையில் கட்டுப்போட்ட நர்ஸ் படிக்கட்டில் நின்றபடி, மருந்து எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று கண்ணாடியிடம் கையால் சாடை காட்டினாள்.

ரேடியோ நகர்ந்து நகர்ந்து அண்ணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தான். காலையிலிருந்து எத்தனையோ பேர் அவன் தோளைத் தட்டிவிட்டார்கள். உன் தப்பு இல்லப்பா, மேடையக் கழட்டினவன் தப்பு, விளக்கு வச்சவன் தப்பு, ஊசியப் போட்டவன் தப்பு. கேட்கக் கேட்க இதமாக இருந்தது. ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எறிந்த கை அவனுடையதாகவே இருந்தது.

"அண்ணி," என்றான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆறுதல் சொல்ல வேண்டாம். அது என் தப்பா, இல்லையா?"

அண்ணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் பேச மாட்டாள் என்று அவன் நினைத்தபோது திரும்பினாள். கண் சிவந்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"உன் தப்புதான். வேற யாரு தப்பு? விளையாட்டுக்கு எறிஞ்ச, என் கையில ஏறிடுச்சு. உங்க அண்ணன் வந்ததும் நீயே சொல்லணும், நான் சொல்லித் தர மாட்டேன். ஆனா தம்பி, மாத்திரைய வச்சுக்கிட்டுத் தராம இருக்கறது உன் தப்பு இல்ல. அது அவங்களுது. நான் ரெண்டையும் தனித்தனியா வச்சிருக்கேன், நீயும் அப்படியே வை. இப்ப கொஞ்சம் நேரா உக்காரு. அவர் வெளிய வர்றப்போ நம்ம முகத்தைப் பாக்கணும்."